டேசன், ஸ்தேசென், ஸ்டேஷன்: ரெம்பாவ் தோட்டத்து நாக்கில் மூன்று தலைமுறை ஆங்கிலம்

ஒரே வீட்டில் ஒரே ஆங்கிலச் சொல் மூன்று விதமாக ஒலிக்கிறது. அதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு அதன் பின்னால் இருக்கும் நூறாண்டுக் கதை தெரிவதில்லை. உச்சரிப்பைச் சாக்கிட்டுப் பிள்ளைகளின் வாயை மூடவைக்கும் பழக்கத்துக்கு நம் சமூகம் கொடுக்கும் விலை என்ன?

ரெம்பாவ் ரயில் நிலைய நடைமேடையில் ஒரு பாட்டி, அவருடைய மகன், மகனின் மகள். சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் பாட்டிக்குச் சர்க்கரைச் சோதனை. அவர் பிறந்தது பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் மருந்துப் பொட்டலமும் மருத்துவமனை அட்டையும்.

“டேசன் இப்படி வெறிச்சோடிக் கெடக்கே. ரயிலு வருமா, வராதா?” என்கிறார் பாட்டி.

“கவுன்தர்ல கேட்டுட்டு வரேம்மா. ஸ்தேசென்ல ஆளு இருப்பாங்க” என்று மகன் எழுந்து போகிறார்.

பேத்தி இரண்டாம் படிவ மாணவி. காதில் இருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு, “பாட்டி, டேசன் இல்ல. ஸ்டேய்ஷன்” என்று திருத்துகிறாள். அதே மூச்சில் தண்ணீர்ப் புட்டியையும் கேட்கிறாள். வாட்டர் என்ற சொல் அவள் வாயில் அமெரிக்கர் பேச்சைப் போல் ‘வாடர்’ என்று உருண்டு வருகிறது. பாட்டி புட்டியை எடுத்துக் கொடுக்கிறார். அதற்குப் பிறகு கொமுட்டர் ரயில் வரும்வரை அவர் ஆங்கிலச் சொல் ஒன்றையும் வாயில் எடுக்கவில்லை.

நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் இந்தக் காட்சியைக் காணாத வீடு குறைவு. மூவரும் சொன்னது ஒரே சொல்தான். பாட்டி அதைக் காதால் வாங்கினார். மகன் மலாய் எழுத்தில் படித்தார். பேத்தி திரையிலிருந்து எடுத்துக்கொண்டாள். மூன்று உச்சரிப்பும் மூன்று காலத்தின் சுவடுகள். அவற்றில் ஒன்றை மட்டும் சரியென்று தூக்கிவைத்து மற்ற இரண்டையும் கேலி செய்யும் பழக்கம் எப்படி வந்தது, அது யார் யாரை எங்கெங்கே தடுத்து நிறுத்துகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

காதால் வந்த சொல்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது மலாயாவின் மேற்குக் கரையோரக் காடுகள் தோட்டங்களாயின. ரெம்பாவ், தம்பின், போர்ட்டிக்சன் வட்டாரங்களும் அப்படித்தான் பால்மரக் காடாயின. தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவர 1907ல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. சஞ்சிக்கூலி எனப்பட்ட ஒப்பந்தக் கூலி முறை 1910ல் ஒழிக்கப்பட்டபின் கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்தார்கள். 1938ல் இந்திய அரசு தடை விதித்தபின் அந்த வரத்து நின்றது.

தோட்டத்தில் ஆங்கிலம் மேலிருந்து படிப்படியாக இறங்கி வந்தது. உச்சியில் துரை. பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர் அல்லது ஸ்காட்லாந்துக்காரர். அடுத்த படியில் கிராணிமார். இவர்களில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழர்களும் அதிகம். அதற்குக் கீழே மண்டோரும் கங்காணியும். கடைசிப் படியில் பால்வெட்டும் ஆணும் பெண்ணும். துரை சொன்ன சொல் தொழிலாளியின் காதுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று வாய் மாறியிருக்கும். ஸ்காட்லாந்துக்காரர் ரகரத்தை அழுத்திச் சொல்வார். யாழ்ப்பாணத்துக் கிராணி ‘டொக்டர்’ என்பார், ‘கொம்பனி’ என்பார். மலையாளக் கிராணியின் வாயில் காலேஜ் ‘கோளேஜ்’ ஆகும். தோட்டத்துத் தமிழர் கேட்ட ஆங்கிலத்துக்கு ஒரே வடிவம் என்று எதுவும் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை.

வந்த ஒலியைத் தமிழ்க் காது தன் இலக்கணப்படி ஏற்றுக்கொண்டது. தமிழில் சொல்லின் முதலில் தனி மெய் வராது. அதனால் ஸ்டேஷனின் முதல் எழுத்து உதிர்ந்து ‘டேசன்’ ஆயிற்று. ஸ்கூலுக்கு முன்னால் ஓர் இகரம் சேர்ந்து ‘இஸ்கூல்’ ஆயிற்று. சொல் வல்லின மெய்யில் முடிவதையும் தமிழ் விரும்பாது, ஆகவே ரோடு, பஸ்ஸு, பேங்கு. வடசொற்களைத் தமிழ் ஒலிக்கு மாற்றி எடுத்துக்கொள்ளும் வழியைத் தொல்காப்பியம் சொல்லிவைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத தோட்டத்துப் பெண் அந்த வழியில்தான் நடந்திருக்கிறாள்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது. அங்கே படிப்பு தமிழில் நடந்தது. ஆங்கிலப் பள்ளிகள் சிரம்பான் போன்ற நகரங்களில், கட்டணத்தோடு இருந்தன. லயத்துப் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே அந்த வாசல் திறந்தது. மற்றவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்த ஒரே ஆசான் அவர்களுடைய காதுதான்.

---
பெட்டிச் செய்தி: பெரட்டுக்களத்து ஆங்கிலம்

பெரட்டு: விடியற்காலை ஆளெடுப்பு. பரேட் என்பதிலிருந்து வந்தது. ஆளெடுக்கும் இடம் பெரட்டுக்களம்.

லயம்: தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லைன் என்பதிலிருந்து. இலங்கை மலையகத்தில் லயன்.

டிரசர்: தோட்டத்து மருத்துவ உதவியாளர். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் என்ற பொருளில் டிரெஸ்ஸர்.

இஸ்டோரு: வெட்டிய பாலைக் கொண்டுபோய் ஊற்றும் இடம். ஸ்டோர்.

செக்ரோல்: ஆள்கணக்கும் வேலைக்கணக்கும் பதியும் பேரேடு.
---

வெள்ளைக்காரத் துரைமாரும் தமிழ் படிக்க வேண்டியிருந்தது. தொழிலாளியிடம் வேலை வாங்க வேறு வழியில்லை. தோட்ட நிர்வாகிகளுக்காக 1919ல் தொடங்கிய பிளாண்டர்கள் சங்கம் அவர்களுக்குத் தமிழ்த் தேர்வும் நடத்தியது. ழகரமும் றகரமும் வராத வாயோடு அவர்கள் ஆயுள் முழுக்கத் தமிழ் பேசினார்கள். அந்த உச்சரிப்புக்காக யாருக்கும் வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. அதிகாரம் உள்ளவன் வாயில் உச்சரிப்பு குற்றமாவதில்லை என்ற பாடத்தைத் தோட்டம் அன்றைக்கே கண்டுவிட்டது.

எழுத்தால் வந்த சொல்

மகனின் தலைமுறை வேறு உலகத்தில் படித்தது. 1967ல் மலாய் ஒரே அதிகாரத்துவ மொழியானது. 1970லிருந்து ஆங்கிலப் பள்ளிகள் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1983ல் அந்த மாற்றம் பல்கலைக்கழகத்தை எட்டியது. இடையில் 1972 ஆகஸ்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தன.

மலாய் தான் கடன் வாங்கிய ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்ளும் மொழி. பஸ் அங்கே ‘பாஸ்’. டாக்சி ‘தெக்சி’. லைசன்ஸ் ‘லெசென்’. கவுண்டர் ‘கவுன்தர்’. எழுதியிருப்பதை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பதும் மலாயின் இயல்பு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு என்று படித்து வந்த தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்த்தது இந்த எழுத்துகளைத்தான். பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு, வேலை விண்ணப்பம், அபராதச் சீட்டு எல்லாவற்றிலும் ஆங்கிலச் சொல் மலாய் உடுப்பில் வந்தது. அப்பாவின் ‘ஸ்தேசென்’ அப்படிப் பிறந்தது. டகரம் நுனிநாக்குக்கு இறங்கித் தகரத்துக்குப் பக்கத்தில் வந்தது. எல்லா அசைக்கும் ஒரே எடை விழுந்தது.

இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் இந்தக் கடலோரத்துக்குப் பழையது. நாம் அலமாரி என்கிறோம், மலாய்க்காரர் ‘அல்மாரி’ என்கிறார். நமக்கு மேசை, அவருக்கு ‘மேஜா’. நமக்குத் துவாலை, அவருக்கு ‘துவாலா’. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்களை இரண்டு மொழியும் தத்தம் நாக்குக்கேற்ப வளைத்துக்கொண்டன. இன்று அவற்றைத் தவறு என்று யாரும் திருத்துவதில்லை.

ரெம்பாவில் இன்னொரு குரலும் உண்டு. சுமத்ராவின் மினாங்கபாவ் வழிவந்த மலாய்க்காரர்கள் வாழும் மண் இது. அடாட் பெர்ப்பாத்தே என்னும் தாய்வழி மரபு இன்றும் இங்கே வழக்கில் இருக்கிறது. அவர்கள் மலாயில் அகரமும் எகரமும் பல இடங்களில் ஒகரமாகும். நெகிரி ‘நொகோரி’ ஆகும். என்ன என்று கேட்கும் ‘ஆப்பா’ ‘ஆப்போ’ ஆகும். கோலாலம்பூர்க்காரருக்கு இது சட்டென்று பிடிபடாது. ஆனாலும் நொகோரிப் பேச்சை அவர்கள் மறைப்பதில்லை. ராப் பாடகர் வாரிஸ், பாடகர் ஹத்தானுடன் சேர்ந்து பாடிய ‘காடிஸ் ஜொலொபு’ என்ற பாட்டு, ஜெலெபு என்ற ஊர்ப் பெயரை உள்ளூர் ஒலியிலேயே தலைப்பில் வைத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றிவந்தது. தோட்டத்திலும் கம்பத்திலும் அவர்களோடு வளர்ந்த தமிழர் பலருக்கும் ‘ஆப்போ’ சரளமாக வரும்.

ஒரே ஊரில் ஒரு சமூகம் தன் வட்டார ஒலியைப் பாட்டாக்கிக் கொண்டாடுகிறது. பக்கத்துத் தெருவில் இன்னொரு சமூகம் ‘எஸ்டேட் பேச்சு’ என்ற வார்த்தையை வசவாகவே வைத்திருக்கிறது. அந்த வசவைப் பெரும்பாலும் நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம் என்பதுதான் மனதை அறுக்கிறது.

---
பெட்டிச் செய்தி: வகுப்பறையில் ஆங்கிலம் கடந்த தூரம்

1957: சுதந்திரம். தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்புக்குள் வருகின்றன.

1967: மலாய் ஒரே அதிகாரத்துவ மொழி.

1970–1983: ஆங்கிலவழிக் கல்வி படிப்படியாக மலாய்வழிக்கு மாறுகிறது.

2003: கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில்.

2009: அந்தத் திட்டத்தைக் கைவிடும் அறிவிப்பு. 2012 முதல் மாற்றம்.

2011: ஆண்டு 1 ஆங்கிலப் பாடத்தில் ஒலிப்பு முறைப் பயிற்சி.

2015: ஐரோப்பிய மொழித்தர அளவுகோலான சி.இ.எஃப்.ஆரை அடிப்படையாகக் கொண்ட பத்தாண்டு ஆங்கிலக் கல்வித் திட்டம்.

2021: ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சும் கேட்டலும் தனித் தாள்கள்.
---

திரையால் வந்த சொல்

பேத்தியின் ஆங்கிலத்துக்கு ஆசிரியர்கள் பலர். பள்ளிப் பாடத்திட்டம் பிரிட்டிஷ் உச்சரிப்பை முன்மாதிரியாக வைத்தது. அண்மை ஆண்டுகளில் பாடநூல்களே பிரிட்டிஷ் பதிப்பகங்களிலிருந்து வந்தன. ஆனால் பள்ளி மணி அடித்தபின் அவள் கேட்பது யூடியூபும் டிக்டாக்கும். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்கக் குரல். பழைய ஆசிரியர் அட்டவணையை ‘ஷெட்யூல்’ என்றார், அவள் ‘ஸ்கெஜூல்’ என்கிறாள். சொல்லின் கடைசி ரகரத்தைப் பிரிட்டிஷ் வழக்கு விழுங்கும், அவள் நாக்கு அதை மடித்துச் சொல்லும். இடையிடையே மலேசிய ‘லா’ வந்து விழும். தமிழில் பேசும்போது மின்னல் எஃப்.எம்., ராகா அறிவிப்பாளர்களின் வேகம் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை இத்தனை ஒலிகளுக்கு நடுவே தனக்கென்று ஒரு குரலைத் தேடிக்கொள்வது பெரிய வேலை. அவள் பாட்டியைத் திருத்தியதில் திமிர் எதுவுமில்லை. சரியான உச்சரிப்பு என்று ஒன்று உண்டு, அது தன்னிடம் இருக்கிறது என்று அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கையைத்தான் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

லண்டனிலும் நிலைத்து நிற்கவில்லை

சரியான ஆங்கிலத்தின் ஊற்று என்று நாம் நினைக்கும் இடத்திலேயே அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நெற்றிக்கான ஆங்கிலச் சொல்லைப் படித்த ஆங்கிலேயர் ஒரு காலத்தில் ‘ஃபாரிட்’ என்றார்கள். எழுத்தைப் பார்த்து வாசிக்கும் வழக்கம் பரவியபின் அது ‘ஃபோர்ஹெட்’ ஆனது. அடிக்கடி என்று பொருள்படும் ‘ஆஃபன்’ இன்று பலர் வாயில் ‘ஆஃப்டன்’. ரெம்பாவ் அப்பா மலாய் எழுத்தைப் பார்த்து ‘ஸ்தேசென்’ சொன்னதும் இதே வழிதான்.

வானொலியில் எப்படி உச்சரிப்பது என்று முடிவு செய்ய 1926ல் பி.பி.சி. ஒரு குழு அமைத்தது. கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் அதன் தலைவர், அவருக்குப் பின் நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா. அறிஞர்களே உட்கார்ந்து வாதாடியும் பல சொற்களில் ஒருமித்த முடிவு எட்டவில்லை. 1939ல் குழு கலைந்தது. பி.பி.சி.யின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த உயர்ந்தோர் உச்சரிப்பைப் பேசுவோர் பிரிட்டனிலேயே சுமார் 3 விழுக்காடுதான் என்று மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் 1970களில் மதிப்பிட்டார். அந்த நாட்டு மக்களில் பெரும்பாலோர் பேசாத ஒன்றை அளவுகோலாக வைத்துத்தான் ரெம்பாவ் பிள்ளையை இத்தனை காலம் அளந்திருக்கிறோம்.

வகுப்பறையில் மூடிக்கொள்ளும் வாய்

இந்த அளவுகோல் முதலில் அடிப்பது வகுப்பறையில். மூன்று என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மலேசியர் பலரும், எந்த இனத்தவரானாலும், மரத்துக்கான சொல்லைப் போலவே ‘ட்ரீ’ என்கிறார்கள். ஆட்டுக்கும் கப்பலுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் ஒரே நெடிலாகவோ ஒரே குறிலாகவோ வந்துவிடுகின்றன. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி வாசித்ததும் பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. அந்தச் சிரிப்பை ஆசிரியர் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை கை தூக்காது. கை தூக்காத பிள்ளைக்குப் பயிற்சி கிடைக்காது. பயிற்சி இல்லாமல் ஐந்தாம் படிவத்தில் பேச்சுத் தேர்வுக்குப் போய் நிற்கும்போது, அது ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாக முடிக்கத் திணறும்.

இத்தனைக்கும் நம் கல்வி அமைச்சு ஏற்றுக்கொண்ட சி.இ.எஃப்.ஆர். அளவுகோலே மாறிவிட்டது. 2018ல் வெளிவந்த அதன் துணைநூல், தாய்மொழியாளரைப் போல் ஒலிக்க வேண்டும் என்ற பழைய நோக்கைக் கைவிட்டுக் கேட்பவருக்குப் புரிகிறதா என்பதையே அளவாக வைத்தது. விமானிகளுக்கும் விமானக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்த ஆங்கிலத் தரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பணிக்குத் தேவையான நான்காம் படியில் இருப்பவரின் உச்சரிப்பில் தாய்மொழியின் சாயலோ வட்டாரச் சாயலோ இருக்கலாம், புரிவதற்கு அது சில நேரங்களில் மட்டுமே இடைஞ்சலாக இருந்தால் போதும். ஆறாம் படியான உச்சத்தில்கூட அந்தச் சாயலுக்கு இடம் உண்டு. நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து வானத்தில் பறக்கப் போதுமான ஓர் அளவு, ஒரு வகுப்பறையில் வாசிக்கப் போதாதா?

நேர்முகத் தேர்வில் முகம் பார்க்கும் காது

அடுத்த அடி வேலைவாய்ப்பில் விழுகிறது. போர்ட்டிக்சன் விடுதிகள், சிரம்பான், செனவாங் தொழிற்பேட்டைகள், தலைநகரின் அழைப்பு மையங்கள் என்று தோட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் இடங்களில் நேர்முகத் தேர்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. கணக்கில் கெட்டிக்காரர், வேலையில் கைதேர்ந்தவர் என்றாலும் முதல் ஐந்து நிமிடப் பேச்சில் அவரைப் பற்றிய முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

அந்த முடிவை எடுக்கும் காது எவ்வளவு நம்பத்தக்கது? 1992ல் அமெரிக்க ஆய்வாளர் டோனல்ட் ரூபின் ஒரு சோதனை செய்தார். தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் ஒரே அமெரிக்கக் குரலில் பதிவான விரிவுரையை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டினார். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினார், இன்னொரு குழுவுக்குச் சீனப் பெண்ணின் படத்தை. குரல் ஒன்றே என்றாலும் சீன முகத்தைப் பார்த்தவர்கள் அதில் அந்நிய உச்சரிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். விரிவுரையைப் புரிந்துகொண்ட அளவும் அவர்களிடம் குறைந்திருந்தது. காதுக்கு முன்னால் கண் தீர்ப்பு எழுதியிருந்தது.

இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1979ல் லாரி ஸ்மித்தும் கலிலுல்லா ரஃபிக்சாத்தும் வெவ்வேறு நாட்டவரின் ஆங்கிலப் பேச்சைப் பதிவு செய்து 11 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கேட்கச் செய்தார்கள். பேசியவர்களில் மலேசியரும் இலங்கையரும் இந்தியரும் அமெரிக்கரும் இருந்தனர். எளிதில் புரிந்த வரிசையில் தாய்மொழியாளரான அமெரிக்கர் கீழே நின்றார். உலகத்தோடு பேச ஆங்கிலம் வேண்டும் என்றால், அந்த உலகத்துக்கு நம் நாக்கு ஏற்கெனவே புரிகிறது. வேலைக்கு ஆள் எடுப்போர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை தேடிப் போகும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இயந்திரத்தின் காது

இப்போது புதிதாக ஒரு கேட்பாளர் வந்திருக்கிறார். தொலைபேசியில் வங்கியை அழைத்தால் இயந்திரக் குரல் பதில் சொல்கிறது. கைப்பேசியிடம் பேசியே வழி கேட்கிறோம், செய்தி எழுதுகிறோம். இந்தக் கருவிகள் எவர் பேச்சைக் கேட்டுப் பழகினவோ அவர் பேச்சைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ளும். 2020ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அமேசான், ஆப்பிள், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி கருவிகளைச் சோதித்தது. வெள்ளையர் பேச்சில் 100 சொல்லுக்குச் சராசரி 19 பிழை. கறுப்பின மக்களின் பேச்சில் 35. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மக்களுக்கே இந்தக் கதி. தமிழும் மலாயும் நொகோரியும் கலந்த ஆங்கிலம் பேசும் ரெம்பாவ்க்காரர் கருவிக்கு முன்னால் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவிடுவதில் வியப்பில்லை.

மனிதர் சிரித்தால் கோபப்படலாம். கருவி புரியவில்லை என்றால் குறை தன் நாக்கில்தான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. குறை அந்தக் கருவிக்குக் கிடைத்த பயிற்சியில் இருக்கிறது என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மலேசியத் தமிழர் குரல்கள் முறையாகப் பதிவு செய்யப்பட்டால்தான் நாளைய கருவிகளுக்கு நம் பேச்சு பழகும்.

---
பெட்டிச் செய்தி: எதைத் திருத்த வேண்டும், எதை விட்டுவிடலாம்?

பல நாட்டவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எங்கே புரியாமல் போகிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000ல் வெளியிட்ட நூலின் சாரம்:

கவனிக்க வேண்டியவை: குறில் நெடில் வேறுபாடு. சொல்லின் முதலில் வரும் மெய்க்கூட்டத்தில் எழுத்தை விழுங்காமல் இருத்தல். வாக்கியத்தில் முக்கியச் சொல்லுக்கு அழுத்தம்.

விட்டுவிடலாம்: மூன்று என்ற சொல்லின் முதலில் வரும் பல்லிடை ஒலி. அதைத் தகரமாகவோ டகரமாகவோ சொன்னாலும் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை.

தோட்டத்துக் காதுக்கு ஒரு குறிப்பு: முன்னால் இகரம் சேர்ந்த ‘இஸ்கூல்’ பெரும்பாலும் புரிந்துவிடும். எழுத்து உதிர்ந்த ‘டேசன்’ வெளியாளுக்குச் சற்றுத் தடுக்கும்.

உயிருக்கே முக்கியமானது: ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும், பதின்மூன்றும் முப்பதும். மருந்தளவு பேசும்போது கடைசி ஒலியை நன்றாகச் சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.
---

தோட்டம் போனால் சொல்லும் போகும்

உச்சரிப்பு மாறுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் பழையது பதிவாகாமல் போவது இழப்பு. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல வீடமைப்புத் திட்டங்களாயின. வெளிக்காட்டு வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வந்தார்கள், அங்கே பொதுப் பேச்சு மலாயானது. இருட்டு விலகாத நேரத்தில் தப்பு அடித்து ஆட்களைக் கூட்டிய பெரட்டு இன்று முதியோர் பேச்சில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. டிரசரும் செக்ரோலும் அப்படித்தான்.

சீ. முத்துசாமி போன்ற மலேசிய எழுத்தாளர்கள் தோட்டத்துப் பேச்சைக் கதைகளில் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் அச்சில் ஒலி முழுதாக இறங்காது. ‘இஸ்டோரு’ என்று எழுதிவிடலாம், அதைச் சொல்லும்போது குரல் எங்கே இழுபட்டது, எங்கே அமுங்கியது என்பதைக் காது ஒன்றுதான் பிடிக்கும். இந்த ஒலிகளைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். பேரப்பிள்ளை ஒரு தரம் திருத்தினால் அவர்கள் அந்தச் சொல்லைச் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தப்படும் ஒவ்வொரு சொல்லோடும் ஒரு வேலையின் விவரம், ஒரு காலத்தின் வழக்கம், ஒரு துரையின் குணம் எல்லாமே சேர்ந்து போகின்றன. குடும்ப வரலாறு எழுதப்படாத சமூகத்தில் அந்தப் பேச்சுதான் ஆவணம்.

இனி என்ன செய்யலாம்?

வேலை பெற்றோரிடம் தொடங்க வேண்டும். பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் முதலில் என்ன சொன்னது என்று கேளுங்கள். எப்படிச் சொன்னது என்பதைப் பிறகு பார்க்கலாம். பாட்டியின் உச்சரிப்பைத் திருத்தும் பிள்ளையிடம், அந்தச் சொல்லைப் பாட்டி எங்கே, யாரிடம் கேட்டார் என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர்கள் வகுப்பறைச் சிரிப்பை அன்றே, அங்கேயே நிறுத்த வேண்டும். குறில் நெடிலுக்கும் அழுத்தத்துக்கும் பயிற்சி கொடுங்கள், அவை பொருளை மாற்றும். மற்ற வட்டாரச் சாயலை விட்டுவிடுங்கள். குறில் நெடில் வேறுபாடு ஆத்திசூடி சொல்லும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம். தமிழில் அதைப் பிழையின்றிச் சொல்லும் நாக்கு ஆங்கிலத்திலும் சொல்லப் பழகும். தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கைகோத்தால் இந்தப் பயிற்சிக்குப் புதிய பாடநூல்கூடத் தேவைப்படாது.

நாட்டின் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல தோட்டத்துப் பள்ளிகளாகத் தொடங்கியவை. ஒவ்வொரு பள்ளியும் மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு தாத்தா பாட்டிமாரின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். வாய்மொழி வரலாற்றைச் சேகரிக்கும் தேசிய ஆவணக் காப்பகமும், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும் இதை ஒழுங்குபடுத்த முன்வர வேண்டும். பதிவான பேச்சு ஆய்வுக்கு உதவும், நம் குரலைப் புரிந்துகொள்ளும் கருவிகளுக்கும் அடித்தளமாகும்.

வேலை கொடுப்போரிடம் ஒரே கோரிக்கை. வந்திருப்பவர் சொல்வது உங்களுக்குப் புரிகிறதா, வேலை அவருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். புரிந்த பிறகும் உச்சரிப்புக்காக மதிப்பெண் குறைத்தால் நீங்கள் அளப்பது அவருடைய திறமையை அல்ல, அவர் பிறந்த இடத்தை.

துரைமாரின் காலத்தில் நம் முன்னோர் கேட்ட சொல்லை வைத்துக்கொண்டு வேலை கற்றார்கள், சங்கம் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். கூச்சம் அவர்களை நிறுத்தியிருந்தால் நாம் இன்று இருக்கும் இடத்துக்கு வந்திருக்க மாட்டோம். ரெம்பாவ் பிள்ளைகள் எந்த ஒலியில் ஆங்கிலம் பேசினாலும் தடுமாறாமல், உரக்க, தெளிவாகப் பேசட்டும். அதற்கு முதல் நிபந்தனை, அவர்கள் பேசி முடிக்கும்வரை நாம் சிரிக்காமல் கேட்பது.